எட்டு இலக்கத் தகரம்

பிலோமினாள் டீச்சர் ஒன்பது வருஷம் ஒரு பொய்கூட எழுதாமல் சுங்கத் தரகு செய்தார் என்று சொன்னால், அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, “அப்ப சாப்பாட்டுக்கு என்ன செஞ்சாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவருடைய கணவர் பெனடிக்ட் மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க். சாப்பாடு அந்தச் சம்பளத்தில் நடந்தது.

டீச்சர் என்று ஊர் கூப்பிடுகிறதே தவிர, அவர் பள்ளியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். வௌவால் பறவை இல்லை, திமிங்கிலம் மீன் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தியவர். நாற்பது வயதுக்கு மேல் சுங்கத் தரகர் தேர்வு எழுதி, இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை தேறினார். மதுரை திருநகர் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வாசலில் போர்டு மாட்டி, லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். மாதாவுக்கு மாலை மாற்ற மறந்த நாள் உண்டு. லைசென்ஸைத் துடைக்க மறந்த நாள் கிடையாது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உலகத்தில் உள்ள அத்தனை பொருளுக்கும் சுங்கத்துறை எட்டு இலக்கத்தில் ஒரு எண் வைத்திருக்கிறது. உயிருள்ள மீனுக்கு ஒன்று, ஐஸில் வைத்த மீனுக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு எந்த எண்ணில் உட்காரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் தரகர் வேலை. எண்ணைப் பொறுத்து வரி. அதனால், கடைத்தெருவில் தன் சரக்கைத் தங்கம் வைரம் என்று கூவுகிற ஆள்கூட, சுங்க அலுவலகத்துக்குள் நுழைந்ததும் “ஒண்ணுமில்ல சார், சும்மா சாமான்” என்பான். மனிதன் தன் பொருளைத் தானே மட்டமாகப் பேசுகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

டீச்சர் எதையும் மட்டமாகவும் எழுத மாட்டார், உசத்தியாகவும் எழுத மாட்டார். என்னவோ அதை எழுதுவார். இதனால் வாடிக்கையாளர்கள் பலர் ஓடிப்போனார்கள். ஆனால் ஊருக்கு வெளியே, சுங்கச் சோதனை நடக்கிற கன்டெய்னர் டெப்போவில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. “டீச்சர் கையெழுத்தா? விடு” என்று பெட்டியைத் திறக்காமலே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் தொழிலில் சம்பாதித்த சொத்து.

அந்தச் சொத்துக்கு ஆபத்து சமயநல்லூரிலிருந்து வந்தது. ஆபத்தின் பெயர் அசோக்குமார். தாத்தாவுக்கு வயலும் தோப்பும், அப்பாவுக்கு உரக்கடை, இவருக்குக் கேபிள் டிவி. ஜனங்கள் டிவியை விட்டுச் செல்போனுக்குள் போய்ச் சேர்ந்ததும் இவர் இன்டர்நெட்டுக்கு மாறினார். சுற்றியுள்ள பதினோரு கிராமங்களுக்குக் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குக் காற்று வழியாக நெட் கொடுப்பது திட்டம். அதற்காக வெளிநாட்டில் இருநூற்று நாற்பது ஆன்டெனாப் பலகைகளுக்குச் சொல்லிவிட்டு, காகித வேலைக்கு டீச்சரிடம் வந்தார்.

“உள்ள என்ன இருக்கு தம்பி? சர்க்யூட் போர்டு, சிப்பு, அப்படி ஏதாவது?” என்று டீச்சர் கேட்டார்.

“அதெல்லாம் தனியாக்கா. சிக்னல அனுப்புற ரேடியோ பெட்டிய சென்னையிலயே வாங்கிட்டேன். அதுதான் மூளை. இது அதுக்கு முன்னாடி நிக்கிற பலகை.”

“இதுக்குன்னு கரண்டு வேணுமா?”

“வேணாங்கா. உள்ள செம்புத் தகடு, மேல பிளாஸ்டிக் மூடி. அம்புட்டுத்தான்.”

வாய் வார்த்தையோடு டீச்சர் விடவில்லை. செய்த கம்பெனிக்கு மெயில் போட்டு வரைபடம் வரவழைத்து, முப்பது பக்கத்தையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். எண்பத்தைந்து பதினேழு என்று தொடங்குகிற தொலைத்தொடர்புக் குடும்பத்தில் இரண்டு வகை உண்டு. தானே வாங்கி, மாற்றி, அனுப்புகிற இயந்திரம் ஒன்று. அந்த இயந்திரத்துக்கு உதிரி பாகமாக வருவது இன்னொன்று. இயந்திரத்துக்கு வரி இரண்டு பங்கு. வந்திருப்பது உதிரி பாகம் என்பதில் டீச்சருக்குத் துளி சந்தேகம் இல்லை. ‘ஆன்டெனா, உதிரி பாகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

மதுரைப் பக்கம் காதுகுத்துக்குப் பேனர் உண்டு, புது டிராக்டருக்குப் பேனர் உண்டு, பேனர் அடிக்கிற கடை திறந்தால் அதற்கும் பேனர் உண்டு. வெளிநாட்டிலிருந்து சரக்கு வருகிறது என்றால் சும்மா இருப்பார்களா? அசோக்குமாரின் சேக்காளிகள் சேர்ந்து சமயநல்லூர் நான்கு வழிச்சாலைப் பிரிவில் நாற்பது அடிக்கு ஒன்றை நிறுத்திவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியில் அசோக்குமார். அவர் கையில் ஒரு ஆன்டெனாப் பலகை, அதிலிருந்து நீல நிறத்தில் மின்னல். கீழே வரிசையாக முப்பத்திரண்டு சேக்காளிகளின் தலைகள். நடுவில், ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கிற அளவுக்கு: ‘உலகமே வியக்கும் சிந்திக்கும் இயந்திரம்! தானே அனுப்பும்! தானே வாங்கும்! தானே முடிவெடுக்கும்! கொண்டுவரும் தென்னகத்தின் விடிவெள்ளி அசோக்குமார்!’

ஓடுகிற பஸ்ஸில் அதைப் படித்தவர்களில் பீமாராவும் ஒருவர். டெப்போவில் மதிப்பீட்டு அதிகாரி. வாடிப்பட்டியிலிருந்து தினமும் வந்து போகிறவர். லஞ்சம் வாங்க மாட்டார். அதைவிடக் கஷ்டமான ஒன்றைக் கேட்பார்: விளக்கம். ஒரு பொருளைப் பார்த்ததும் சந்தேகம் வராவிட்டால் அன்று சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று நினைக்கிற மனிதர். பேனரைப் பார்த்ததும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து, முன்னாலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறினார்.

மறுநாள் டீச்சருக்கு அழைப்பு வந்தது. பீமாராவ் மேசைமேல் பேனரின் கலர் பிரிண்ட் இருந்தது. ஓரத்தில் ‘இணைப்பு - அ’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்.

“மேடம், நீங்க என்ன எழுதிருக்கீங்க?”

“ஆன்டெனா சார். உதிரி பாகம்.”

“இதுல என்ன போட்டிருக்கு, படிங்க.”

டீச்சர் படித்தார். “சார், இது பேனரு” என்றார்.

“பேனருதான். வணிக வழக்குல ஒரு பொருள என்னன்னு கூப்பிடுறாங்கன்னு நாங்க பாக்கணும்ல? இங்க நாப்பதடியில கூப்பிட்டிருக்காங்க. இறக்குமதியாளர் போட்டோவும் இருக்கு. கிட்டத்தட்ட வாக்குமூலம்.”

“இதே பேனர்ல தென்னகத்தின் விடிவெள்ளின்னும் போட்டிருக்கு சார். அதுக்கு எந்த எண்ணு?”

பீமாராவ் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். “மனுசங்க நம்ம புத்தகத்துல வர மாட்டாங்க மேடம்” என்றார்.

பிறகு நோட்டீஸை நீட்டினார். இயந்திரத்தை உதிரி பாகம் என்று பொய்யாக எழுதியதாகத் தோன்றுகிறது. ஏழு நாளில் விளக்கம் வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். விளக்கத்தோடு, இந்தப் பொருளுக்குள் இயங்குகிற பாகம் எதுவுமே இல்லை என்று இறக்குமதியாளர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும். அவர் முன்னிலையில் ஒரு பெட்டியைத் திறந்தும் பார்க்க வேண்டும். டீச்சர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். அதில் ‘பொய்யாக’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது.

அன்று மத்தியானமே பஸ் ஏறிச் சமயநல்லூருக்குப் போனார். ஒரு கையெழுத்துத்தானே, ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தார். அசோக்குமார் உறுதிமொழித் தாளை வாங்கிப் படித்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தை வைப்பதுபோல மேசையில் வைத்தார்.

“அக்கா, தகரம்னு எழுதிருக்கு.”

“செம்புத் தகடும் பிளாஸ்டிக் மூடியும் தவிர வேற ஒண்ணுமில்லைன்னு எழுதிருக்கு. நீங்க சொன்னதுதான் தம்பி.”

“நான் உங்ககிட்ட சொன்னேன்க்கா. ஊருக்குச் சொல்லலையே. இதுல நான் கையெழுத்துப் போட்டா, எதுத்த கடை காசிமாயன் ஜெராக்ஸ் எடுத்துத் தூணு தூணா ஒட்டிருவான். அவனும் நெட்டு குடுக்குறவன். ‘வெறும் ஆன்டெனாவுக்கா இம்புட்டு அலப்பறை’ன்னு ஏற்கனவே பேசிக்கிட்டுத் திரியிறான். நான் ரோட்டுல நடக்க வேணாமா?”

“அப்ப என்ன செய்யலாங்கிறீங்க?”

“ரெண்டு பங்கு வரியக் கட்டிர்றேன். மெஷின்னே வச்சுக்கிறட்டும்.”

வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவர்களை டீச்சர் பார்த்திருக்கிறார். பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறார். மயங்கி விழுந்து காட்டிய ஒருவரையும் பார்த்திருக்கிறார். வரியைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சுகிற ஆளை அன்றுதான் பார்த்தார்.

“தம்பி, நீங்க மெஷின்னு ஒத்துக்கிட்டா, தெரிஞ்சே பொய் எழுதினவள்னு என் தலையில விழும். என் லைசென்ஸ் போயிரும்.”

“போனா என்னக்கா? மறுபடி பரீச்ச எழுதி வாங்கிரலாம்ல. டீச்சர்தான நீங்க.”

டீச்சருக்கு வந்த கோபத்தில் அந்த முப்பத்திரண்டு தலைகளையும் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தத் தோன்றியது. அடக்கிக்கொண்டு எழுந்தார். “வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

டெப்போவில் பீமாராவுக்கும் விஷயம் போய்விட்டது. அவர் அதில் தப்பொன்றும் காணவில்லை. “மேடம், துறைக்கு வரி கூட வருது. அவருக்கு மெஷின்னு பேரு கிடைக்குது. ரெண்டு தரப்பும் ஒத்துப்போற கேஸு எனக்கு இருபது வருசத்துல இதுதான் முதல் தடவை. நீங்க மட்டும் ஏன் குறுக்க நிக்கிறீங்க?” என்று போனில் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி வௌவாலைப் பறவையாக்க முடியாது என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அதற்கும் அவர் விளக்கம் கேட்டிருப்பார்.

அடுத்த மூன்று நாள் டீச்சர் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சமையல் பெனடிக்ட் தலையில் விழுந்தது. மூன்று நாளும் ரசம் வைத்தார். சட்டம், விதி, அறிவிக்கை, அறிவிக்கைக்குத் திருத்தம், திருத்தத்துக்கு விளக்கம் என்று டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். லைசென்ஸ் போனால் வாசல் போர்டைக் கழற்ற வேண்டும்; அது பரவாயில்லை. ‘பொய் எழுதி மாட்டிக்கிட்ட டீச்சரம்மா’ என்று திருநகர் பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பேசுவார்களே, அதை நினைத்துத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம், வேறெதையோ தேடுகிறபோது அந்த விதி கண்ணில் பட்டது. உடனே சமயநல்லூருக்குப் போன் போட்டார்.

“தம்பி, மெஷின்னே வச்சுக்குவோம். உங்களுக்குச் சந்தோசம்தான?”

“இதத்தானக்கா நானும் முதல்ல இருந்து சொல்றேன்!”

“அப்ப தில்லி அனுமதியக் கொண்டாங்க.”

“எந்த தில்லி?”

“காத்துல அலை அனுப்புற மெஷின வெளிநாட்டுல இருந்து இறக்கணும்னா வயர்லெஸ் அனுமதிய முன்னாடியே வாங்கிருக்கணும். ஆன்டெனாவுக்கு அது வேணாம். மெஷினுக்கு வேணும். இல்லாம வந்துச்சுன்னா பறிமுதல்.”

“பறிமுதல்னா... அபராதம் மாதிரியாக்கா?”

“எடுத்துக்குவாங்க தம்பி. இருநூத்தி நாப்பதையும்.”

அந்தப் பக்கம், பின்னால் ஓடிய மிக்சியை நிறுத்தச் சொல்லி அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு அசோக்குமார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அப்ப தகரந்தான்க்கா. ஆனா கொஞ்சம் சத்தமில்லாம முடிச்சுவிடுங்க” என்றார்.

சத்தமில்லாமல் முடிக்க நினைத்தவருக்குப் பின்னாலேயே பரிசோதனை நாளன்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர் கூப்பிடவில்லை. சிந்திக்கும் இயந்திரத்தை அழைத்து வர ஊரே கிளம்பிவிட்டது. அதிகாரிக்குப் பொன்னாடை, இயந்திரத்துக்கு ஆளுயர ரோஜா மாலை, திருஷ்டிக்குப் பூசணிக்காய். டெப்போ வாசலில் அவர்கள் மாலையோடு நிற்பதைப் பார்த்து அசோக்குமாருக்கு முகம் வெளிறிப்போனது. பெட்டியை இவர்கள் முன்னால் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

“ஏப்பா, ஆபீசர் இன்னும் வரல. மத்தியானம் ஆயிரும் போல. இம்புட்டு தூரம் வந்துட்டு அழகரப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்? கோவிலுக்குப் போயி ஒரு கும்புடு போட்டு, தோசைப் பிரசாதம் வாங்கிட்டு வந்துருங்க. நான் அதுக்குள்ள பேசி வைக்கிறேன்” என்றார். கூட்டம் தோசைக்கு மயங்கியது. வேன்கள் அழகர்கோவில் பக்கம் திரும்பின. மாலையையும் பூசணிக்காயையும் காவலாளி அறையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பீமாராவ் உள்ளேயேதான் இருந்தார். காலை ஒன்பது மணிக்கே திருப்புளி, டார்ச், பூதக்கண்ணாடி மூன்றையும் ஒரு துண்டின்மேல் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். சோதனையில் பார்த்ததை எழுதி வைக்கிற மகஜருக்குச் சாட்சியாக இரண்டு பேர் வேண்டும். லாரி டிரைவர் சின்னச்சாமியையும், வாசலில் டீக்கடை போட்டிருந்த முருகம்மாளையும் கூப்பிட்டு நிறுத்தினார். நீளமான பெட்டி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தானே தேர்ந்தெடுத்தார். அட்டையைக் கிழித்து, பலகையை வெளியே எடுத்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். பதினாறு திருகு. டீச்சர் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டபடி நின்றார்.

பிளாஸ்டிக் மூடி எழும்பியது. உள்ளே ஒரு தகடு. தகட்டின்மேல் சின்னச் சின்னச் செம்புத் துண்டுகள் வரிசையாக. ஓரத்தில் ஒரு வயர். வேறு எதுவும் இல்லை.

முருகம்மாள் எட்டிப் பார்த்தார். “ஏன்யா, இதுக்கா மாலை வாங்கிட்டு வந்தாய்ங்க? எங்க வீட்டு முறுக்கு டின்னுல இதவிடத் தகரம் கூட இருக்குமே” என்றார். அசோக்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

பீமாராவ் டார்ச் அடித்தார். பூதக்கண்ணாடி வைத்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், காதுகிட்டே வைத்து ஆட்டிப் பார்த்தார். கடைசியில் அசோக்குமாரிடம், “இதுல முடிவெடுக்கிற பாகம் எது?” என்று கேட்டார்.

“அப்படி எதுவும் இல்ல சார்.”

“பேனர்ல போட்டிருக்கே?”

அசோக்குமார் தரையைப் பார்த்தார். “பயலுக பாசத்துல போட்டது சார்.”

பீமாராவ் அதையும் விடவில்லை. ‘இணைப்பு - அ-வில் கண்ட வாசகங்கள் பாசத்தின் பேரில் எழுதப்பட்டவை என்று இறக்குமதியாளர் ஒப்புக்கொண்டார்’ என்று மகஜரில் எழுதினார். சின்னச்சாமி கையெழுத்துப் போட்டார், முருகம்மாள் கையெழுத்துப் போட்டார், கடைசியாக அசோக்குமாரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். போடும்போது சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நோட்டீஸ் ரத்து என்று பீமாராவ் ஒரு வரி எழுதி முத்திரை குத்தி நீட்டியபோது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாகப் பக்கத்தில் நின்ற அந்தச் சொல் தன் பெயரை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தார்.

அவர் வெளியே வரவும் வேன்கள் திரும்பி வரவும் சரியாக இருந்தது. அதற்குள் பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. “என்ன மாப்ள, விட்டுட்டாய்ங்களா?” என்று ஒருவர் தோசையை மென்றுகொண்டே கேட்டார். அசோக்குமார் டீச்சரைக் கைகாட்டி, “அக்காதான் முடிச்சுவிட்டுச்சு” என்றார். அவ்வளவுதான், கூட்டம் கைதட்டியது. யாரோ ஓடிப்போய் ரோஜா மாலையை எடுத்து வந்து டீச்சர் கழுத்தில் போட்டார்கள். இயந்திரத்துக்கு வாங்கிய மாலை, அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. வேண்டாம் வேண்டாம் என்று சொன்னாலும் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நேர்மைக்கு மாலை விழுவதை அவர் அதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் மசாஜ் நாற்காலி இறக்குகிறவர் ஒருவர். “டீச்சரம்மா, மோட்டார் வச்ச நாற்காலிதான். நீங்க மனசு வச்சா மர நாற்காலின்னு போட்டுரலாமாம்ல” என்றார். டீச்சர் விரட்டினார். அடுத்து கேமராக் கடைக்காரர். “பொம்மைன்னு எழுதினாப் போதும்க்கா, மத்தத நீங்க பாத்துக்குவீங்கன்னு சொன்னாங்க” என்றார். அவரையும் விரட்டினார். விரட்ட விரட்டக் கூட்டம் கூடியது. கறாராகப் பேசுகிறவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார், ஃபீஸ் கூடக் கேட்பார் போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, மறுநாள் பழத்தட்டோடு வந்தார்கள்.

ஒருநாள் வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் பயந்துபோன டீச்சர், அசோக்குமாருக்குப் போன் போட்டார்.

“தம்பி, என்னயப் பத்தி ஊருல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?”

“பெருமையாத்தான்க்கா சொல்லிருக்கேன்! சிந்திக்கிற மெஷின, ஆபீசரே கையால தொறந்து பாத்தும் தகரம்னு எழுத வச்சுட்டீங்கன்னு. இந்தக் கண்கட்டு வித்தை தமிழ்நாட்டுலயே உங்க ஒருத்தருக்குத்தான் வரும்னு சொல்லி நானே நாலஞ்சு பார்ட்டிய அனுப்பி விட்டேன். வந்தாங்களா?”

“அது தகரந்தான தம்பி! உங்களுக்கே தெரியுமே!”

“எனக்குத் தெரியும்க்கா. காகிதத்துல தகரம்னு இருக்கிறத அந்தக் காசிமாயன் எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டான். அவனுக்கு நான் வேற என்ன பதில் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.”

டீச்சருக்கு இப்போது புரிந்தது. அந்த மனிதனுடைய பலகை மெஷினாக இருக்க வேண்டும் என்றால் இவர் கள்ளியாக இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. அசோக்குமார் கெட்டவரும் இல்லை. நன்றிக்கடன் தீர்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் போனை வைத்துவிட்டு, வந்தவர்களைப் பழத்தட்டோடு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

கதவைச் சாத்தி என்ன? டெப்போவிலும் பேச்சு பரவிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் டீச்சர் கையெழுத்தைப் பார்த்தால் பெட்டியைத் திறக்காமல் விடுவார்கள். இப்போது டீச்சர் கையெழுத்தைப் பார்த்தாலே எல்லாப் பெட்டியையும் திறந்தார்கள். யாரோ ஒருவருக்கு வந்த பைபிள் பெட்டியைக்கூட அடிவரை கொட்டிப் பார்த்தார்கள். மிஞ்சியிருந்த பழைய வாடிக்கையாளர்கள், “உங்க கையெழுத்துன்னா லேட்டாகுது டீச்சர்” என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். லைசென்ஸ் பத்திரமாகச் சுவரில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பீமாராவ் நின்றிருந்தார். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்ததாகச் சொன்னார். டீச்சர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். இந்த ஒரு மனிதர் போதும் என்று அவருக்குத் தெம்பாகக்கூட இருந்தது. தன் கையால் பதினாறு திருகைக் கழற்றி, கண்ணால் பார்த்து, கைப்பட எழுதியவர். ஊர் ஆயிரம் பேசட்டும், இவருக்கு உண்மை தெரியும்.

பீமாராவ் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளறையில் பெனடிக்ட் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், ஃபைலை மூடியாச்சு. இனி யாரும் தொறக்கப் போறதில்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்தப் பெட்டிக்குள்ள நெசமாவே என்ன இருந்துச்சு?”

“சார், நீங்கதான தொறந்தீங்க?”

“நான்தான் தொறந்தேன். டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அதுதான் மேடம் எனக்குத் தூக்கமே வரல. அம்புட்டுப் பெரிய மெஷின, என் கண்ணு முன்னாடியே எங்க மறைச்சு வச்சீங்க?”

டீச்சர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லலாம். ஆனால் அது ஏற்கனவே இவர் கையெழுத்திலேயே முத்திரையோடு இருக்கிறது, அதையே இவர் நம்பவில்லை. எழுதாத பொய்க்கு வந்த பெயரை எந்த மகஜர் போட்டு அழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பீமாராவ் பதிலுக்காக நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.